கவிழ்க்காத கட்டு

கோவை மண்டலத் தகுதிச்சுற்றில் வர்ணிகா ஜெயித்ததும், அவளிடம் தோற்ற இளைஞன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னான்.

"நான் இவங்ககிட்டத் தோக்கல. இவங்க காதுக்குப் பின்னாடி இருக்கற மெஷின்கிட்டதான் தோத்தேன்."

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வர்ணிகா தன் கார்டுகளைப் பொறுக்கி அடுக்கி உறையில் போட்டாள்.

வர்ணிகா என் கணவர் மாதேஷின் தங்கை. என் பெயர் நிரஞ்சனா. அவளுக்கு நான் அண்ணி, ஏழ்கடல் என்ற கார்டு ஆட்டத்தில் பயிற்சித் துணையும்கூட. சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் நினைவில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் தங்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அந்த வருடம்தான். என்னிடம் எத்தனையோ தடவை, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள்.

பிறகு அவளுக்குத் 'தையல்' போட்டார்கள். கருவிக்கு வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு. எல்லோரும் சொல்வது தையல் என்றுதான். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவு. அது வந்த பிறகு வர்ணிகாவுக்கு நேற்று என்று ஒன்று கிடைத்தது. ஆனால் சட்டத் தேர்வு எழுத விடவில்லை. தையல் போட்டவர்கள் தேர்வெழுதக் கூடாது, அவர்களுடைய சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லாது என்றெல்லாம் விதிகள் வந்துவிட்டிருந்தன. உங்கள் ஞாபகம் உங்களுடையதுதானா என்பதுதான் எல்லா இடத்திலும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே இடம் கார்டு மேஜை என்று நினைத்திருந்தாள். இப்போது அங்கேயும் கேட்டுவிட்டார்கள்.

தலைமை நடுவர் எஸ்தர் கிறிஸ்டி எங்களைத் தனி அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

"உங்க வெற்றிய ரத்து பண்ணல. விதி தெளிவா இல்லாதது எங்க குறை. நீங்க உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றாச்சு. ஆனா கொழும்புல அந்தக் கருவிய அணைச்சுட்டுத்தான் மேஜையில உட்காரணும்."

"காது கேக்கற மெஷினுக்கெல்லாம் விடறீங்க?" என்றேன் நான்.

"அது கார்டை ஞாபகம் வச்சுக்காதுங்க." அவர் வர்ணிகாவின் பக்கம் திரும்பினார். "எது உங்க ஞாபகம், எது கருவியோட ஞாபகம்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலம்மா. உங்களால முடியுமா?"

வர்ணிகா யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"முடியாதுங்க" என்றாள்.

அவளுடைய டாக்டர் இம்தியாஸ் இதைக் கேட்டதும் கோபப்பட்டார். "தையல் எதையுமே சேர்த்து வைக்கறதில்ல. அது ஊசி நூல் மாதிரி. நடந்ததை உங்க மூளையில தைச்சு விடுது, அவ்வளவுதான். ஞாபகம் முழுக்க உங்களோடதுதான். கோர்ட்டுக்குப் போங்க, நான் வந்து சொல்றேன்."

"கேஸ் முடியறதுக்குள்ள எத்தனை உலகக் கோப்பை முடிஞ்சிருக்கும் டாக்டர்?" என்றாள் வர்ணிகா. "அணைச்சா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க."

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் தைச்சதும் பிரியாது. ஆனா அணைச்சிருக்கற நேரத்துல நடக்கறது எங்கயுமே தங்காது. அப்புறம் எப்ப ஆன் பண்ணினாலும் திரும்பி வராது."

"கனவுலகூட வராதுங்களா?"

"வராது."

வீட்டில் மாதேஷ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்தத் தையல் இல்லாத வருடத்தில் கல்லூரியில் இருந்து ஆஸ்பத்திரி வரை அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் அவர். "உலகக் கோப்பைங்கறே. உன் வாழ்க்கையிலயே பெரிய நாளு அதுதான். அந்த நாளை நீ பார்க்கவே மாட்டே. அப்புறம் எதுக்கு அங்க போகணும்?"

"நீங்க பார்ப்பீங்கல்லண்ணா" என்றாள் அவள். தட்டை அவர் பக்கமே திரும்பத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "இது இல்லாம ஆடினா, மெஷின் ஜெயிச்சுதுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

ஏழ்கடல் தெரியாதவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அறுபதைத் தேர்ந்தெடுத்து ஆளாளுக்கு ஒரு கட்டு உருவாக்கிக்கொள்வார்கள். கப்பல் கார்டுகளை இறக்கி, மேஜையிலுள்ள துறைமுகங்களைப் பிடிக்க வேண்டும். ஏழைப் பிடித்தவர் ஜெயித்தவர். இதில் பலமான கார்டு 'மூழ்கி'. அதை மேஜையில் கவிழ்த்து வைப்பார்கள். வைத்துவிட்டால் வைத்தவரும் திரும்ப எடுத்துப் பார்க்கக் கூடாது. எதிராளியின் கப்பல் மேலே வரும்போது திருப்பினால் கப்பல் காலி; மறந்து தன் கப்பலையே ஏற்றினாலும் காலி. ஏய்ப்பதற்கு வெறும் கார்டையும் அப்படிக் கவிழ்த்து வைக்கலாம். எங்கே என்ன மூழ்கியை வைத்தோம், எதிராளி எங்கே வைத்தான் என்று கடைசிவரை நினைவில் வைத்திருப்பதுதான் ஆட்டத்தின் உயிர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் கொடுத்த சாவியை அவள் காதுக்குப் பின்னால் வைத்துத் தையலை அணைத்தேன். விளையாட ஆரம்பித்தோம். ஐந்தாறு முறை கார்டு இறக்கும்வரை எல்லாம் சரியாகவே போனது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி மேஜைப் பக்கம் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"ஆரம்பிச்சுட்டமா அண்ணி?"

தான் கவிழ்த்து வைத்த மூழ்கிமேல் தன் கப்பலையே கொண்டுபோய் நிறுத்தினாள். அன்று ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். மதியம் தையலை ஆன் செய்ததும், "எப்படி ஆடினேன்?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். அவளிடம் மழுப்புவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு.

அடுத்த வாரம் முழுவதும் தன் கட்டைத் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை பார்த்தால், மூழ்கிகள் ஒன்றுவிடாமல் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

"என்ன கண்ணு இது? இது இல்லாம யாராச்சும் ஆடுவாங்களா?"

"ஞாபகம் வச்சுக்கற வேலைய நான் மேஜைக்குக் குடுத்தறேன் அண்ணி. கவிழ்க்கற கார்டே வேண்டாம். எல்லாமே மேல பார்த்து இருக்கட்டும். மேஜையப் பார்த்தா இதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அதற்காக அவள் தேடிப் பிடித்த கார்டு 'கலங்கரை'. ஆட்டத்தில் கழிந்த கார்டுகள் கூடக்கூட, கலங்கரைக்குப் பக்கத்தில் நிற்கும் கப்பலின் பலமும் கூடும். மெதுவான கார்டு என்று யாரும் அதைச் சீண்டுவதில்லை. காந்திபுரத்தில் கார்டு மாற்றிக்கொள்ளும் கடையில் நான் போய்க் கேட்டபோது, சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது அவள் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தாள். இன்னொன்றையும் நான் கவனித்தேன். எனக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. முதல் இரண்டு ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரே இடத்தில் மூழ்கி வைப்பேன். மூன்றாவதில் எதிராளி அந்த இடத்துக்குப் பயந்து ஒதுங்குவான், நான் நுழைந்துவிடுவேன். யாரிடமும் தவறாத தந்திரம். வர்ணிகாவிடம் பலிக்கவில்லை. போன ஆட்டமே அவளுக்கு இல்லையே, அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? தோற்ற சோர்வும் அப்படித்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி உட்காருவாள்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தபோதுதான் அந்த ஞாயிறு வந்தது. முன்பின் பார்க்காத இடத்தில் ஆடிப் பழகட்டும் என்று, பீளமேட்டில் ஒரு சிறிய போட்டிக்குக் கூட்டிப்போனேன். நடுவில் தண்ணீர் பாட்டில் வாங்க நான் எழுந்து போனேன். திரும்பி வந்தால் அவள் நாற்காலி காலி. ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், முழங்கால் சிராய்த்து ரத்தம் வர நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் தெரியாத முகங்கள், கையில் கார்டு, என்ன போட்டி, எந்த ஊர் என்று புரியாமல் ஓடியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு இல்லை.

தையலை ஆன் செய்த பிறகு முழங்காலைத் தடவிப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

சொன்னேன். சொல்லிவிட்டு, "போதும் வர்ணி, விட்டுடலாம்" என்றேன். நான்தான் அழுதேன்.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அணைக்கறதுக்கு முன்னாடி கடைசியா நடக்கறது மட்டும் எனக்கு எப்பவும் தங்குது அண்ணி. நாள் பூராவும் எனக்கு அதுதான் இப்ப நடந்த மாதிரி இருக்கும். இன்னைக்கு நீங்க கடைசியா என்ன சொன்னீங்க தெரியுமா? 'செருப்பை இங்கயே விட்டுட்டு வா'ன்னு. அதை வச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? கடைசியாச் சொல்றதை யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை உருவாக்கினோம். நீளமாக ஆரம்பித்து, அடித்து அடித்துச் சுருக்கினோம்.

கொழும்பு மண்டபத்தின் கதவுக்கு வெளியே, எஸ்தர் கிறிஸ்டியும் இரண்டு நடுவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் காதுக்குப் பின்னால் சாவியை வைத்தேன். அவள் கண்களைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ கொழும்புல இருக்கே. உலகக் கோப்பை. மேஜையப் பாரு. நீ வச்சதை நம்பு."

சாவியைத் திருப்பினேன். நடுவர் அதன்மேல் முத்திரை ஒட்டினார். மேஜைக்கு மேஜை கூட்டிப்போக மட்டும் ஒரு தொண்டர் பெண்ணை அனுமதித்திருந்தார்கள். ஆட்டத்தைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. மாதேஷும் நானும் மேலே பார்வையாளர் மாடத்துக்குப் போனோம். சென்னை, மதுரை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ தையல் போட்டவர்கள் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாது; ஆனாலும் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் முத்திரையைப் பிரித்து ஆன் செய்தபோது அவளுக்கு என் வாக்கியம் இப்போதுதான் முடிந்திருந்தது. வெளியே வெயில் இறங்கியிருப்பதைப் பார்த்துத் திகைத்தாள்.

"எதுவும் சொல்லாதீங்க" என்றாள் உடனே. "நாளைக்கு வரணுமா, வேண்டாமா? அது மட்டும் போதும்."

"வரணும்."

அவள் முகத்தில் சிரிப்பு பரவியது. மாதேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதைத் தங்கை பார்த்தால் மொத்தமும் தெரிந்துவிடும் என்று.

எஸ்தர் கிறிஸ்டி என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. "இன்னைக்கு ரெண்டு புகார் வந்திருக்குங்க. போன ஆட்டம் ஞாபகம் இல்லாததால இவங்களை யாரும் ஏமாத்த முடியல, பயமுறுத்த முடியல, அதனால அணைச்சுட்டு ஆடறது நியாயமில்லையாம். ஆன் பண்ணச் சொல்லணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மன்னிச்சுக்கங்க, அணைக்கணும்னு விதி போட்டதே நான்தான். அடுத்த வருஷக் குழுவுல இதை மறுபடி பேசப்போறேன். உங்க நாத்தனாரையும் குழுவுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

இரண்டாம் நாளும் முடிந்தது. முடிவு என்ன என்று ஊருக்கே தெரியும். வர்ணிகாவுக்கு மட்டும் தெரியாது. பதிவில் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, தையல் ஆன் ஆனதுமே இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் துப்பட்டாவால் அவள் தலையை மூடி, கூட்டத்துக்கு நடுவே கைதிபோல அறைக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் காலை, மாதேஷின் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஓட்டல் அறையின் திரையில் இறுதி ஆட்டத்தின் பதிவைப் போட்டேன். முந்தைய சுற்றுகளைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கட்டிலில் சம்மணம் போட்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரில் டிலக்சனா, யாழ்ப்பாணத்துப் பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். போன வருடம் கோப்பையைத் தொட்டுவிட்டுத் தவறவிட்டவள். முதல் ஆட்டம் வர்ணிகாவுக்கு, இரண்டாவது டிலக்சனாவுக்கு. மூன்றாவதில் தொடக்கத்திலேயே ஒன்று நடந்தது. வர்ணிகா 'தூண்டில்' என்ற கார்டை இறக்கினாள். அதை இறக்கியவர், எதிராளி கவிழ்த்து வைத்த கார்டு ஒன்றை ஒரே ஒரு முறை தான் மட்டும் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைக்கலாம். இடது துறைமுகத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்துப் பார்த்தாள், மூழ்கிதான். வைத்தாள். தன் கலங்கரைகள் எல்லாவற்றையும் வலது பக்கமாக இறக்கத் தொடங்கினாள்.

ஆட்டம் நீண்டது. திரையில் வர்ணிகாவின் முகம் ஒருமுறை வெறுமையானதை நாங்கள் இருவருமே பார்த்தோம். மாடத்தில் யாரோ இருமியதற்குத் திரும்பியிருந்தாள்.

"போச்சு" என்றாள் கட்டிலில் இருந்த வர்ணிகா. "மறந்துட்டேன்."

டிலக்சனாவும் அதைக் கவனித்துவிட்டாள். இரண்டு நாளும் இவளைப் படித்தவள் அவள். இடது துறைமுகத்தின் காவல் கப்பலை மெல்ல நகர்த்தி விலக்கினாள். இப்போது இருவருக்கும் ஆறு ஆறு. இடது பக்கம் கதவு திறந்து கிடப்பது போல் இருந்தது. கப்பலை ஒரு எட்டு நகர்த்தினால் கோப்பை. நகர்த்தினால் அந்த மூழ்கி.

திரையில் இருந்த வர்ணிகா கப்பல்மேல் விரலை வைத்தாள். கட்டிலில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்டீ" என்று தன்னையே கெஞ்சினாள்.

விரல் அப்படியே நின்றது. திரையில் இருந்தவள் மேஜை முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். ஒரு கலங்கரைகூட இடது பக்கம் இல்லை. எல்லாமே வலது பக்கம், வரிசையாக. உதடுகள் அசைந்தன. அந்த முணுமுணுப்பு பதிவாகவில்லை, ஆனால் என்ன சொல்லிக்கொண்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் வச்சிருக்கேன்னா, காரணம் இருக்கும்.

விரலை எடுத்தாள். கப்பலை வலது பக்கம் விட்டாள். கழிந்த கார்டுகளின் குவியல் அதற்குள் மலைபோல் ஏறியிருந்தது. எல்லாக் கலங்கரைகளின் பலமும் அந்த ஒரு கப்பலில் வந்து சேர்ந்தது. டிலக்சனாவால் தடுக்க முடியவில்லை. ஏழாவது துறைமுகம்.

வர்ணிகா கட்டிலின்மேல் எழுந்து நின்று கத்தினாள். "அண்ணி! யாரு அண்ணி இவ! என்னமா ஆடறா!" தலையணை பறந்தது. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ராத்திரி முழுக்க அடக்கிவைத்திருந்தது எனக்கும் அப்போதுதான் வெளியே வந்தது. கதவு திறந்தது, மாதேஷ் டீ குடிக்கப் போகவே இல்லை, வெளியிலேயே நின்றிருக்கிறார். கோப்பையைத் தன் பைக்குள்ளிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கப் போனேன்.

"இருங்க, இருங்க" என்றாள்.

திரையில், கைதட்டல் அடங்கி, அறிவிப்புக்காக ஆட்கள் மேடையில் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் வர்ணிகா திரும்பினாள். மறுபடி அந்த வெற்று முகம். பக்கத்தில் நின்ற டிலக்சனாவிடம் கேட்டாள். "அடுத்த ஆட்டம் எப்போங்க?"

சற்று முன்தான் கோப்பையை இழந்த பெண் அவள். கண்ணோரம் ஈரம் காயவில்லை. வர்ணிகாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் யாழ்ப்பாணத் தமிழில் ஜெயித்த சேதியைச் சொன்னாள். "முடிஞ்சுது அக்கா. நீங்கள் வெண்டிட்டீங்கள்."

திரையில் வர்ணிகா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். டிலக்சனா சிரித்தாள்.

புகைப்படக்காரர்கள் வந்தார்கள். வெளிச்சம் பளிச்சிட்டது. வர்ணிகா மறுபடி திரும்பி, "நீங்கதான் என்கூட ஆடப் போறீங்களா?" என்றாள்.

"ஆடி முடிஞ்சுது அக்கா. நீங்கள் வெண்டிட்டீங்கள்." அதே குரல். அதே குதிப்பு.

மூன்றாவது முறை டிலக்சனா கேள்விக்குக் காத்திருக்கவில்லை. வர்ணிகாவின் முகம் மாறுவதைப் பார்த்ததுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து சொன்னாள். தோற்றவள் வாயால், ஜெயித்தவளுக்கு, மறுபடியும் புதிதாக. அவ்வளவு நேரமும் பிடித்த கையை விடவில்லை.

மாடத்தில் இருந்தபோது நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. மாதேஷைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். இப்போதுதான் பார்க்கிறேன்.

வர்ணிகா கோப்பையைக் கட்டிலில் வைத்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "அந்தப் பொண்ணு இதே ஓட்டல்லதானே இருக்கா?"

கீழே சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னலோரமாகத் தனியாக உட்கார்ந்து டிலக்சனா இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சட்டென்று எழுந்தாள். தையல் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வர்ணிகா ஏதோ கேட்க வாய் திறப்பதற்குள், முந்தைய நாளின் அதே சிரிப்போடு ஆரம்பித்தாள்.

"அக்கா, முடிஞ்சுது. நீங்கள்—"

"தெரியும்மா" என்றாள் வர்ணிகா, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. "வெண்டிட்டேன்."